ஒரு செக், எத்தனை செக்?

சிங்கப்பூரில் ஒரு நாள் முழுக்க ‘செக்’ என்ற சொல் காதில் விழாமல் இருப்பது கஷ்டம். காலையில் பிள்ளையிடம் “பையை செக் பண்ணியா?” என்று கேட்கிறோம், பாலிகிளினிக்கில் ரத்த அழுத்தத்தை செக் பண்ணுகிறார்கள், சாங்கியில் செக்-இன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோகூர் போக நினைத்தால் உட்லண்ட்ஸ் செக்பாயிண்டில் நெரிசல். தேக்கா பக்கம் போனால் செக் சட்டை, செக் லுங்கி. வாடகையை இன்னும் செக் எழுதித்தான் வாங்குவேன் என்று அடம்பிடிக்கும் வீட்டுக்காரர் யாராவது ஒருவர் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறார். புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில் இரண்டு பையன்கள் உட்கார்ந்து “செக்!” என்று கத்துகிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் தமிழ்நாட்டுச் செய்தி: எதிரணிக்கு செக் வைத்தார் இன்னார்.

பார்க்கக் கட்டம் வேறு, காசோலை வேறு, சோதனை வேறு, சதுரங்கம் வேறு. ஆங்கிலத்தில் இப்படி ஒரே மாதிரி ஒலிக்கும் வேறு வேறு சொற்கள் நிறைய உண்டு, ‘பேட்’ என்றால் வௌவாலும் கிரிக்கெட் மட்டையும், அந்த இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ‘செக்’ அப்படியில்லை. மேலே சொன்ன அத்தனையும் ஒரே சொல்தான், எல்லாவற்றுக்கும் ஒரே மூதாதை, அது ஒரு பாரசீகச் சொல், அதற்குப் பொருள் ‘அரசன்’. அரசன் எப்படி சட்டைத் துணியிலும் பேங்க் கவுண்டரிலும் வந்து உட்கார்ந்தான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆரம்பம் நம் பக்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்று நான்கு உறுப்புகள் கொண்ட படையைத்தான் சதுரங்கம் என்றார்கள். ‘சதுர்’ நான்கு, ‘அங்கம்’ உறுப்பு. அந்தப் படையைப் பலகையில் வைத்து ஆடிய விளையாட்டுக்கும் அதே பெயர். அது சுமார் 6ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது, அங்கே ‘சத்ரங்’ ஆனது. 7ஆம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைப் பிடித்தபோது விளையாட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அரபியில் அந்தச் ‘ச்’ ஒலி (‘பச்சை’யில் வருவது) இல்லாததால் ‘ஷத்ரஞ்ஜ்’ என்றார்கள். மலாய்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், செஸ்ஸுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘சாத்துர்’. நம் சதுரங்கத்தின் முன்பாதி அப்படியே இருக்கிறது.

பாரசீகர்கள் விளையாட்டைக் கற்றதோடு ஒரு வழக்கத்தையும் சேர்த்தார்கள். எதிராளியின் ராஜாவைத் தாக்கும் இடத்தில் காயை வைத்தால் ‘ஷா!’ என்று குரல் கொடுக்க வேண்டும். ஷா என்றால் அரசன். அதாவது “உன் ராஜாவைப் பார்த்துக்கொள்” என்று முன்கூட்டியே எச்சரிப்பது. இந்த ஷா நமக்குப் புதிதில்லை. ஷாஜகானில் இருக்கும் ஷா, ஈரான் மன்னரை ஷா என்று சொன்னோமே அந்த ஷா, மலாய் சுல்தான்களின் பெயருக்குப் பின்னால் வரும் ஷா. 1819 பிப்ரவரி 6ஆம் தேதி ராஃபிள்ஸுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யார்? சுல்தான் ஹுசேன் ஷா. ஆக, நவீன சிங்கப்பூரைத் தொடங்கிவைத்த பத்திரத்திலேயே நம் ‘செக்’கின் பாட்டன் உட்கார்ந்திருக்கிறார், பள்ளிக்கூடத்தில் வரலாறு படிக்கும்போது யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

அரபுகளிடமிருந்து விளையாட்டு ஸ்பெயின் வழியாகவும் இத்தாலியின் தென்பகுதி வழியாகவும் ஐரோப்பாவுக்குள் புகுந்தது. ஷா என்ற கூவல் லத்தீன் எழுதுகிறவர்கள் கையில் ‘ஸ்காக்குஸ்’ ஆனது. பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கு ‘ஸ்க’ என்று ஒரு சொல்லைத் தொடங்க வராது, முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டுக்கொள்வார்கள். இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது, ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்று சொன்ன தாத்தா பாட்டி நமக்கும் உண்டு, பிரெஞ்சுக்காரர்களும் அந்தக் காலத்தில் அதே பள்ளிக்கூடத்தை ‘எஸ்கோல்’ என்றுதான் சொன்னார்கள். அப்படி ஸ்காக்குஸ் ‘எஸ்செக்’ ஆனது. ஆங்கிலேயர்கள் அதை வாங்கி முன்னால் இருந்த ‘எஸ்’ஸை வெட்டிவிட்டார்கள். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘செக்’ தயார்.

அந்த பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் ஆங்கிலத்தில் ‘செஸ்’ ஆனது. அதனால் ‘செஸ்’ஸும் ‘செக்’கும் இரண்டு சொல்லே அல்ல, ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையும். செஸ் என்றால் ‘ராஜாக்கள்’ என்று மொழிபெயர்த்தால் தப்பில்லை. ஜெர்மன்காரர்கள் அதே விளையாட்டை ‘ஷாஹ்’ என்கிறார்கள், ரஷ்யர்கள் ‘ஷாக்மதி’ என்கிறார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் இரண்டு பொருள்: ஒன்று செஸ், இன்னொன்று தோல்வி. பரீட்சையில் தோற்றாலும் அதே சொல்தான்.

சரி, செக்மேட்? இதில் வரும் ‘மேட்’டுக்கும் நண்பன் என்ற பொருளில் வரும் ‘மேட்’டுக்கும் சம்பந்தமே இல்லை. இது ‘ஷா மாத்’. அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்துபோனான், அதனால் ‘ராஜா செத்தான்’ என்று பல இடங்களில் விளக்கம் எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாரசீகத்திலேயே ‘மாத்’ என்று ஒரு சொல் உண்டு, அதற்கு ‘செய்வதறியாமல் நிற்பவன், வழியற்றவன்’ என்று பொருள். அறிஞர்கள் பலர் சாய்வது இந்தப் பக்கம், எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் சதுரங்கத்தில் ராஜாவை யாரும் கொல்வதே இல்லை. மற்ற எல்லாக் காய்களையும் வெட்டலாம், ராஜாவை வெட்ட முடியாது. போக இடமில்லாமல் நிற்கிறார், அத்தோடு ஆட்டம் முடிந்தது. செத்தவர் என்பதைவிட வழியற்றவர் என்பதுதான் அந்த நிலைமைக்குப் பொருந்துகிறது.

பெரிய ஆட்டங்களில் அந்த நிலை வரைக்கும்கூட யாரும் போவதில்லை என்பது வேறு விஷயம். 2024ஆம் ஆண்டு உலகச் சதுரங்கப் போட்டி நம் செந்தோசாவில்தான் நடந்தது, டிசம்பர் 12ஆம் தேதி 14ஆவது ஆட்டத்தில் அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் ஒரு பிழை செய்ய, 18 வயது குகேஷ் பிடித்துக்கொண்டார், சென்னைப் பையன் 7.5க்கு 6.5 என்று உலகச் சாம்பியன் ஆனார். அங்கே யாரும் செக்மேட் ஆகவில்லை, டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகுலுக்கிவிட்டார். அந்த மட்டத்தில் ‘செக்’ என்று வாய்விட்டுச் சொல்வதும் கிடையாது, விதிப்படி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ‘ஷா’ என்ற அந்தப் பழைய கூவலை இன்னும் உயிரோடு வைத்திருப்பது வாய்ட் டெக் பையன்கள்தான்.

இனிமேல்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. பலகையில் இருந்த செக் எப்படி வாழ்க்கைக்குள் இறங்கியது?

செஸ் ஆடியவர்களுக்குத் தெரியும். செக் விழுந்துவிட்டால் மற்ற எல்லா வேலையும் நின்றுபோகும். குதிரையை அந்தப் பக்கம் கொண்டுபோக நினைத்திருப்பீர்கள், எதிராளியின் மந்திரிக்குக் கண்ணி வைத்திருப்பீர்கள், எதுவும் நடக்காது, முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். போய்க்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நிற்கிறது. அந்த ‘சட்டென்று நிற்பது’ தான் செக் என்ற சொல்லின் இரண்டாவது பொருள். ராஜாவைத் தாக்குவது போய், எதையும் தடுத்து நிறுத்துவது என்று ஆனது. ஒரு படை முன்னேறுவதைத் தடுத்தாலும் செக், கோபத்தை அடக்கினாலும் செக், காட்டுக் குதிரையை இழுத்துப் பிடித்தாலும் செக். அரசியலில் ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும், நாடாளுமன்றம் அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டும், நீதிமன்றம் இருவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் ‘செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்’ என்பார்கள். அதில் வரும் செக்கும் இந்தத் தடைதான், ‘சரிபார்த்தல்’ அல்ல. பலர் இந்த இடத்தில் குழம்புகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஓடைகளுக்குக் குறுக்கே கட்டும் ‘செக் டேம்’ ஞாபகம் இருக்கிறதா? தமிழில் அழகாகத் தடுப்பணை என்று வைத்தார்கள். தண்ணீரை சோதித்துப் பார்க்கிற அணை அல்ல, தடுத்து நிறுத்துகிற அணை. குழாய் வேலை செய்பவர்களிடம் ‘செக் வால்வு’ என்று கேட்டால் தண்ணீர் ஒரே பக்கம் மட்டும் போகிற மாதிரியும் திரும்பி வராத மாதிரியும் தடுக்கிற வால்வை எடுத்துத் தருவார்கள். இரண்டிலும் இருப்பது அந்தப் பழைய பொருள்.

அந்த அரசியல் தலைப்பு, ‘எதிரணிக்கு செக் வைத்தார்’, இதை என்னமோ பத்திரிகைக்காரர்களின் மலிவு நடை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் ஏதோ திட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார், இன்னொருவர் ஒரு காயை நகர்த்தினார், முதலாமவர் தன் வேலையை விட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. சதுரங்கத்தில் நடப்பது அப்படியே இது. ஆங்கிலேயர்கள்கூட இன்று இவ்வளவு சுத்தமாக இந்தப் பொருளில் பயன்படுத்துவது குறைவு.

தடுத்தலிலிருந்து சரிபார்த்தலுக்கு வந்தது மூன்றாவது தாவல், இது 17ஆம் நூற்றாண்டு வாக்கில் நன்றாக வேரூன்றிவிட்டது. யோசித்தால் பெரிய தாவல் ஒன்றுமில்லை. ஒருவர் தவறு செய்யாமல் தடுக்க வேண்டுமானால் அவர் செய்ததைப் பார்க்க வேண்டும், கணக்கைத் துருவிப் பார்க்க வேண்டும். தடுப்பதற்காகப் பார்ப்பது, அப்புறம் வெறுமனே பார்ப்பது. ‘அடுப்பை அணைத்தேனா, செக் பண்ணு’ என்று சொல்லும்போது யாரையும் தடுக்கவில்லை, பார்க்கத்தான் சொல்கிறோம். இன்று நாம் பேசுவதில் முக்கால்வாசி செக் இந்த வகைதான், அதனால் இதுதான் மூலப்பொருள் என்று நினைத்துவிடுகிறோம்.

இரண்டு பொருளும் ஒரே இடத்தில் கைகோத்து நிற்பதைப் பார்க்க ஆசை என்றால் உட்லண்ட்ஸுக்குப் போங்கள். செக்பாயிண்ட் என்பது நிறுத்தும் இடமா, சோதிக்கும் இடமா? இரண்டும்தான், நிறுத்தாமல் சோதிக்க முடியாது. நம் பத்திரிகைகள் அதை சோதனைச்சாவடி என்று எழுதுகின்றன. பள்ளி விடுமுறை தொடங்கும் நாளில் பாலத்தின் மேல் காரில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் சோதனையைவிட நிறுத்தம்தான் அதிகம் என்பார்.

இப்போது பணத்துக்கு வருவோம். இதற்காக 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும், ஒரு மேசையைப் பார்க்க வேண்டும்.

முதலாம் ஹென்றி மன்னர் காலத்தில் அரசாங்கக் கணக்கைப் பார்க்க ஓர் அலுவலகம் உருவானது. மாவட்டத்துக்கு ஒரு ஷெரிஃப், நம் ஊர்க் கலெக்டர் மாதிரி வரி வசூல் செய்கிறவர், வருடத்துக்கு இரண்டு முறை, ஈஸ்டர் சமயத்திலும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் சமயத்திலும் வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். பத்து அடி நீளம், ஐந்து அடி அகலத்தில் ஒரு மேசை. மேலே வைப்பது உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன் மேல் கறுப்புத் துணி, துணியில் கோடுகள். கோடு போட்ட துணி சதுரங்கப் பலகை போல இருந்ததால் அந்த மேசைக்கு லத்தீனில் சதுரங்கப் பலகையின் பெயரையே வைத்தார்கள், ‘ஸ்காக்காரியும்’. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்செக்கர்’. மேசையின் பெயர் அலுவலகத்துக்கு ஒட்டிக்கொண்டது. பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’ என்றுதான் அழைக்கிறார்கள், அதாவது சதுரங்கப் பலகையின் அமைச்சர்.

ஏன் கட்டம் போட்ட துணி? அப்போது அவர்கள் எழுதியது ரோமன் எண்களில், அதை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரிய தொல்லை. அதனால் ஒவ்வொரு கட்ட வரிசைக்கும் ஒரு மதிப்பு: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு பவுண்டு, ஆயிரம் என்று போகும். ஒரு ஷெரிஃப் 163 பவுண்டு கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறு வரிசையில் ஒரு வில்லை, இருபது வரிசையில் மூன்று, பவுண்டு வரிசையில் மூன்று. அவர் கொண்டுவந்தது 121 பவுண்டு. அதற்குக் கீழே நூறில் ஒன்று, இருபதில் ஒன்று, பவுண்டில் ஒன்று. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதை எடுத்துவிட்டால் மிச்சம் இருபதில் இரண்டு, பவுண்டில் இரண்டு. பாக்கி 42 பவுண்டு. எழுத்தறிவில்லாத ஷெரிஃபுக்கும் கண்ணால் பார்த்தே புரிந்துவிடும், வாதாட முடியாது. மன்னரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அந்தக் காலத்திலேயே இந்த அலுவலகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார், சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று. வரி கட்டப் போகிறவருக்கு இந்த உவமை ரொம்பப் பிடித்திருக்காது.

கட்டிய பணத்துக்கு ரசீது? காகிதம் இல்லை, குச்சி. ஒரு மரக்குச்சியில் தொகைக்கு ஏற்றபடி வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். அப்புறம் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கு ஒரு பாதி. பின்னால் சந்தேகம் வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள், வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒரு பாதியில் திருட்டுத்தனமாக ஒரு வெட்டைச் சேர்த்தால் மறு பாதி காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் குச்சி வழக்கம் 1826 வரைக்கும் நீடித்தது. சேர்ந்துபோன பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள், நெருப்பு மிஞ்சிப்போய் நாடாளுமன்றமே எரிந்து போனது. கணக்குக் குச்சியால் ஒரு நாடாளுமன்றம் எரிந்த கதை, கற்பனை இல்லை.

குச்சி போனாலும் ‘இரண்டு பாதி’ என்ற யோசனை போகவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டுகளுக்கு ஒரு மறுபாதி வைத்தார்கள். சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தோடு தங்கிவிடுகிறதே, அந்தத் துண்டு. யாராவது தொகையைத் திருத்தினால் மறுபாதியோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம், மோசடிக்கு அது ஒரு தடை. அதனால் அந்தத் துண்டுக்குத்தான் முதலில் ‘செக்’ என்று பெயர். ஆமாம், நீங்கள் எழுதிக் கொடுக்கிற சீட்டுக்கு அல்ல, புத்தகத்தில் தங்குகிற துண்டுக்கு. போகப் போகப் பெயர் இடம் மாறிக் கொடுக்கிற சீட்டுக்கு வந்துவிட்டது. தங்குகிற துண்டை இப்போது ‘கவுண்டர்ஃபாயில்’ என்கிறார்கள். இதில் ‘ஃபாயில்’ என்பது லத்தீன் ‘ஃபோலியும்’, இலை என்று பொருள். தமிழில் செக்குக்கு யாரோ காசோலை என்று பெயர் வைத்தார்கள், காசு கொடுக்கச் சொல்லும் ஓலை. இலையும் ஓலையும் இப்படி ஒரே செக் புத்தகத்தில் வந்து சேர்ந்தது தற்செயல்தான், ஆனால் அந்தப் பெயரை வைத்தவருக்கு ஒரு காப்பி வாங்கித் தரலாம்.

எழுத்துக்கூட்டல் பிரச்சினையும் இங்கேதான் வருகிறது. வங்கிக் காசோலைக்கு மட்டும் ஆங்கிலத்தில் கியூ போட்டு எழுதுகிறோம், மற்ற எல்லா செக்குக்கும் சி, கே. காரணம், பணம் தொடர்பான சொல்லுக்கு எக்ஸ்செக்கரின் சாயல் ஒட்டிக்கொண்டது. ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற வங்கியாளர் 1828இல், கியூ வைத்த எழுத்தைத் தான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அது குழப்பம் தராது, எக்ஸ்செக்கரோடும் ஒத்துப்போகிறது என்று எழுதினார். பிரிட்டனும் பிரிட்டனிடம் ஆங்கிலம் கற்ற நாமும் அப்படியே எழுதுகிறோம். அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துதான். அமெரிக்க ஆங்கிலத்துக்கு அமைத்த கணினி நம் எழுத்தைத் தப்பென்று அடிக்கோடிட்டால் பதற வேண்டாம்.

அந்தச் சீட்டுக்கு இங்கே ஆயுசு குறைந்துகொண்டே வருகிறது. 2017இல் கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் வந்தது, 2023 நவம்பர் முதல் வங்கிகள் சிங்கப்பூர் வெள்ளிக் காசோலைகளுக்குக் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டன, நிறுவனங்களின் காசோலைகளைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக சிங்கப்பூர் நாணய ஆணையமும் அறிவித்துவிட்டது. கல்யாண மொய்க்குக்கூட கியூஆர் படம் ஒட்டிவைக்கிற காலம்.

மறுபாதியின் கதை பேங்கோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில்களில் பெட்டியில் ஒரு பித்தளை வில்லையைக் கட்டி, அதே எண் கொண்ட இன்னொன்றைப் பயணியிடம் கொடுப்பார்கள், இறங்குகிற இடத்தில் இரண்டும் பொருந்தினால்தான் பெட்டி கைக்கு வரும். அந்த வில்லைக்கும் பெயர் செக். சாங்கியில் பெட்டியில் ஒரு சீட்டைச் சுற்றி, சின்னத் துண்டை நம் கையில் கொடுக்கிறார்களே, அதுதான். சென்னைக்குப் போகிறவர்கள் அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. ‘ரெயின் செக்’ என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இன்று வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நாசூக்காகச் சொல்வதற்கு. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால் வேறொரு ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள், அந்தச் சீட்டுதான் ரெயின் செக். 1880களில் தொடங்கிய வழக்கம்.

துணிக்கு வந்துவிடலாம். கட்டம் போட்ட துணி செக் ஆனது நேராகச் சதுரங்கப் பலகையிலிருந்துதான், இதற்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. கார்ப் பந்தயம் முடியும்போது ஆட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடியும் அதே வழி, 2008 முதல் மரினா பேயில் இரவில் அதைப் பார்க்கிறோம். ஆனால் துணியில் நமக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. மலாய் ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலுக்கும் கட்டுகிற கட்டம் போட்ட சாரத்தைக் கேலாங் சிராயில் ‘காயின் பெலிக்காட்’ என்று கேட்டு வாங்குவார்கள். காயின் என்றால் துணி. பெலிக்காட்? பழவேற்காடு! ஆங்கிலத்தில் புலிகாட் என்று எழுதிய, சென்னைக்கு வடக்கே இருக்கிற அதே கடற்கரை ஊர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்து, அந்தப் பக்கத்துத் துணிகளை இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்து கொடுத்து வாசனைப் பொருள்களை வாங்கிப் போனார்கள். துணி வந்த ஊரே துணிக்குப் பெயராக நின்றுவிட்டது. ஆங்கிலேயன் அதே துணியைப் பார்த்துப் பாரசீக ராஜாவின் பெயரைச் சொல்கிறான், மலாய்க்காரர் தமிழ்க் கடற்கரையின் பெயரைச் சொல்கிறார், நாம் வெறுமனே கட்டம் போட்ட கைலி என்கிறோம். மூன்றில் எனக்குப் பிடித்தது பெலிக்காட்தான், காரணம் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு செக் உங்கள் பர்ஸிலேயே இருக்கிறது. ஐசி (அடையாள அட்டை) எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து வருகிறதல்லவா, அது ஏதோ வரிசையில் வந்த எழுத்து அல்ல. நடுவில் உள்ள ஏழு இலக்கங்களை ஒவ்வொன்றுக்கும் உரிய ஒரு எண்ணால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை வைத்து அந்த எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படிவத்தில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தீர்கள் என்றால் கணக்கு வேறு எழுத்தைக் காட்டும், கணினி உடனே ‘எண் தவறு’ என்று சொல்லிவிடும். புத்தகங்களின் ஐஎஸ்பிஎன் எண்ணிலும் கடன் அட்டையிலும் கடைசி இலக்கம் இதே வேலையைச் செய்கிறது. இதற்கு ‘செக் டிஜிட்’ என்று பெயர். குச்சியின் மறுபாதி செய்த வேலையை இங்கே ஒற்றை எழுத்து செய்கிறது, மோசடியைவிடக் கைத்தவறைப் பிடிப்பதுதான் இதன் முக்கிய வேலை என்பது மட்டும் வித்தியாசம்.

மிச்சமிருப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சாப்பிட்டு முடித்து ‘செக்’ கேட்டால் பில் வரும், இங்கே காப்பிக்கடையில் கேட்டால் அண்ணன் முழிப்பார். நாம் ‘டிக்’ என்று சொல்லும் சரி அடையாளம் அவர்களுக்கு ‘செக் மார்க்’. நாம் ‘தாம்’ என்று ஆடும் வட்டக்காய் விளையாட்டு அவர்களுக்கு ‘செக்கர்ஸ்’, பலகை ஒன்றுதானே. சூப்பர்மார்க்கெட்டில் பணம் கட்டுகிற இடம் செக்-அவுட், அதற்குத் தனியாக விளக்கம் வேண்டியதில்லை.

உறவு இல்லாதவர்களையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். செக் குடியரசு என்ற நாட்டின் பெயர் ஸ்லாவிய மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், ஷாவோடு சம்பந்தமில்லை. வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கு நம் சொந்தச் சொல், எண்ணெய் ஆட்டுவது, அதுவும் இந்தக் குடும்பத்தில் சேராது. செக்கச் செவேல் என்பதில் வரும் செக்கும் அப்படித்தான், அது சிவப்பின் வீட்டுப் பிள்ளை.